சுவர்ப் பக்கம்

முப்பத்தொரு வருஷம் ஒரே கட்டிலில் தூங்கினோம்,
ஒரே நேரத்தில் அல்ல.
எனக்கு ரொட்டி ஆலையில் இரவு ஷிஃப்ட்.
வெல்தாவுக்கு ரீகாவின் முதல் ட்ராம்.
புளித்த மாவு வாசத்தோடு நான் படியேறி வரும்போது
அவள் கையுறை தேடிக்கொண்டிருப்பாள்.
அவள் விட்டுப்போன சூட்டில் படுத்துக்கொள்வேன்.
"ஒரு கட்டில், இரண்டு வாடகைக்காரர்கள்"
என்பாள் கீழ்வீட்டு ஸ்கைத்ரீதா.

ஓய்வுக்குப் பிறகுதான் தெரிந்தது
அவள் வாயைத் திறந்து தூங்குவாள் என்று.
இரண்டே குளிர்காலம்.
பிறகு அவள் வலது கட்டைவிரல்
இல்லாத காசை எண்ண ஆரம்பித்தது.

இரவில் இப்போதும் வண்டி ஓட்டுகிறாள்.
யாரோ தண்டவாளத்தில் குறுக்கே வருகிறார்கள்.
"தள்ளு! தள்ளு!"
பகலில் கிசுகிசுப்பாகிப்போன குரல்
கனவில் மட்டும் பழைய கனத்தோடு.
பிரேக் இருக்கும் இடத்தில் என் முழங்கால்.
மணியடிக்கும் பெடல் இன்னும் கொஞ்சம் மேலே.
அதை டாக்டரிடம் சொல்லவில்லை.

"தனித்தனியாகப் படுங்களேன்" என்றார் டாக்டர்,
குடை எடுத்துப் போங்களேன் என்பதுபோல.
ஐஜாவின் பழைய அறைக்குப் போனேன்.
உதை இல்லை, கூச்சல் இல்லை.
சுவரில் அவள் பள்ளிக்கூட வயதில் ஒட்டிய குதிரைப்படம்.
மூன்று மணிவரை குதிரையைப் பார்த்தேன்,
பிறகு நன்றாகவே தூங்கினேன்.

காலையில் வெல்தா
நான் விட்டுவந்த அதே பக்கவாட்டில் கிடந்தாள்.
தலையணை மடிப்பு காதில் சிவப்பாகப் பதிந்திருந்தது.
திரும்ப முடியாமல், கட்டில் சட்டத்தைத் தட்டியிருக்கிறாள்.
என் காதுகளை எப்போதோ ஆலை தின்றுவிட்டது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
தேநீர் கேட்டாள்.
அன்று மதியமே என் தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

இப்போது அவள் சுவர்ப் பக்கம்.
சுவரோரம் சுருட்டிய கம்பளி, விரல் முட்டிகளுக்காக.
மகள் டப்ளினிலிருந்து அனுப்பிய சாட்டின் துணி
தோளிலிருந்து இடுப்புவரை மட்டும்.
முழுக்கப் போட்ட அன்று
மீன்போல வழுக்கிக் கால்மாட்டுக்குப் போய்விட்டாள்,
இருவரும் சிரித்துச் சிரித்து, அவளுக்கு இருமல் வந்தது.
கீழே பருத்தி, குதிகால் ஊன்ற.
முழங்காலுக்குக் கீழே எங்கள் நடுவில் நீளத் தலையணை.
அதை அவள் சோதனைச்சாவடி என்கிறாள்.
நாலு மணி மாத்திரை மூடி திறந்தபடி,
தண்ணீர் என் கைக்கு எட்டும் தூரத்தில்.

விளக்கணைத்ததும் அவள் கை என் முதுகுக்கு வரும்.
கீழே ட்ராம் போகும்போது
அலமாரிக் கண்ணாடிக் கோப்பைகள் பேசுமே, அந்த நடுக்கம்.
மெல்ல மெல்லத் தூரம் போகும்.
நின்றால் தூங்கிவிட்டாள்.
அதற்குப் பிறகுதான் என் முறை.

"நேற்று யாரையாவது இடித்துவிட்டேனா?"
"ஒரே ஒரு கிழவனை."
"பிழைத்தானா?"
"விசாரணை நடக்கிறது."

குளியல் அங்கியின் நாடாவை
என் மணிக்கட்டில் கட்டியிருக்கிறோம்,
மறுமுனை அவள் கையில்.
ஓர் இழுப்பு: என்னைத் திருப்பு.
இரண்டு: கழிவறை.
மூன்று: சும்மா.
சில இரவுகளில் எண்ணிக்கை தவறிப்போகிறது,
நாலு, ஏழு, பன்னிரண்டு,
இழுப்பா நடுக்கமா தெரியவில்லை.
திருப்பிப் பார்க்கிறேன், வேண்டாம் என்கிறாள்.
எழுப்பப் பார்க்கிறேன், வேண்டாம் என்கிறாள்.
நானும் என் பக்கத்திலிருந்து
ஒருமுறை இழுத்துவிட்டுப் படுக்கிறேன்.