ஒரே ஆணி

திருப்பூரில் என் வேலை நிறம் பார்ப்பது.
சாயப்பட்டறையிலிருந்து வரும் துணியை
வெளிச்சப் பெட்டிக்குள் வைத்து
பையர் அனுப்பிய துண்டோடு ஒட்டிப் பார்ப்பேன்.
பாஸ். இல்லாவிட்டால் திருப்பி அனுப்பு.
டியூப்லைட்டில் அண்ணன் தம்பியாக இருக்கும் இரண்டு நீலம்
வெயிலுக்கு வந்ததும் பங்காளிச் சண்டை போடும்.

அதனால்தான்
பல்லடம் ரோட்டு லேபில் முதல் பிரிண்டை நீட்டியதும்
கை நீட்டவில்லை நான்.
மழை பச்சையடித்திருந்தது.
"போனுல பின்னாடி லைட்டு எரியுதுங்க்கா,
பேப்பருக்கு ஏதுங்க லைட்டு" என்றான் பையன்.
அதுவும் நியாயம்தான்.
இரண்டாவதில் பச்சை போயிருந்தது,
கூடவே பனியனின் நீலமும்.
மூன்றாவதை வாசலுக்குக் கொண்டுபோய்
நாலு மணி வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன்.
பாஸ்.
பன்னிரண்டுக்குப் பதினெட்டு, மேட் பேப்பர்.

படத்தில்,
அவினாசி ரோட்டுப் பாலத்தடியில்
மழைக்கு ஒதுங்கிய கும்பல்.
கும்பலுக்கு இந்தப் பக்கம், நனைகிற பக்கம்,
மொபட்டுக்கு முன்னால் குத்தவைத்திருக்கும் ஒரு முதுகு.
பனியன் ஒட்டி, எலும்பு மணிமணியாக.
நான் திருப்பி அனுப்பிய லாட்டில் தைத்த பனியன் அது.
முதுகு என் வீட்டுக்காரருடையது.
எடுத்தது அவருக்குத் தெரியாது.

பிரேம் கடை சென்னியப்பன்
சாமிகளை ஓரம் தள்ளி
மேசைமேல் விரித்து வெகுநேரம் பார்த்தார்.
"மூஞ்சி தெரியற மாதிரி வேற இல்லீங்களா?"
இல்லை.
"செரி. தேதிய கீழ போட்டுரட்டுங்களா?"
எந்தத் தேதி என்று கேட்க வாயெடுத்து
சுவரில் இருந்தவர்களைப் பார்த்ததும் புரிந்துபோய்
"இருக்காருங்க, செகண்ட் ஷிப்ட் போயிருக்காரு" என்றேன்.
நாக்கைக் கடித்துக்கொண்டார்.
எடுத்த தங்கச் சட்டத்தைத் திரும்ப வைத்துவிட்டு
தேக்கு நிறத்துக்குப் போனார்.
கண்ணாடி வேண்டாம் என்றேன்,
எதிரில் சன்னல், மழைக்குப் பதில் அதுதான் தெரியும்.
"பஞ்சு பறக்கற ஊருங்க" என்றார்.
போட்டுக்கொண்டேன்.

வாடகை வீடு. அக்ரிமெண்டில் நாலாவது வரி
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.
காலி செய்பவர்களின் சுவரை
உள்ளங்கையால் தடவிப் பார்த்து
ஓட்டைக்கு நூறு வீதம் அட்வான்ஸில் பிடிப்பவர்
துளசிமணியக்கா.
ஒட்டும் கொக்கி வாங்கினேன்.
ஒன்றரைக் கிலோ தாங்கும் என்றது அட்டை.
ராத்திரி இரண்டு மணிக்கு
சுண்ணாம்போடு பெயர்ந்து விழுந்தது.
கண்ணாடி மூலையில் கீறல்.
நான் லைட்டைப் போட்டுக்கொண்டு நின்றேன்.
"முதுகுலதான அடி, போச்சாது வுடு"
என்று புரண்டு படுத்தார்.

எங்களுக்கு முந்தி யாரோ அடித்த ஆணி ஒன்று உண்டு.
அதில் அரிசி மண்டியின் மாதக் காலண்டர்.
பால் கணக்கு, சிலிண்டர் மாற்றிய நாள்,
சீட்டுத் தவணை, கரிநாள் எல்லாம் அதில்தான்.
கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.
படம் ஏறியது.

வந்த ஒறம்பரை எல்லாம் கேட்டது,
யாரு, எந்த ஊரு, மூஞ்சி எங்க.
மூன்று நாளும் அவர்
சுவருக்கு முதுகு காட்டியே சாப்பிட்டார்.
நாலாம் நாள் பால்காரரோடு தகராறு,
பதினெட்டு நாளா பத்தொன்பதா என்று.
வேலை முடிந்து வந்து பார்க்கிறேன்,
படத்தின் மேலேயே காலண்டர்.
அதே ஆணி.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
சோறு போட்டேன்.

ஃபேனை மூன்றில் வைத்தால்
ஆகஸ்ட் மெல்ல எழும்பும்.
ஈர ரோடு, ஸ்டாண்டின் ஒரு கால், ஒரு குதிகால்.
கரண்ட் போனால் மூடிக்கொள்ளும்.

நேற்று பால் கணக்கு எழுதப் போனவரை
வெகுநேரம் காணோம்.
எட்டிப் பார்த்தேன்.
பேனாவை வாயில் கவ்வி
ஒரு கையால் ஆகஸ்டைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறார்.
"அன்னிக்குப் பிளக்கு இல்ல" என்றார் திரும்பாமல்,
"கார்பரேட்டர் அடைப்பு."