கூட்டக் குறிப்பில் ஒரு திருத்தம்

ஆளுக்கு மூன்று நிமிடம்.
முட்டை அவிக்க என் சமையலறையில் வைத்திருக்கும்
குட்டிக் கடிகாரம்தான் நடுவர்.
பள்ளி உடற்பயிற்சிக் கூடம். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே
நெடுஞ்சாலைத் துறையின் வரைபடம்.
எல்லோர் பூட்ஸிலும் மார்ச் மாதச் சேறு.
பேசுவது அவர்கள், எழுதுவது நான்.
பதினாறு வருடமாக ஊர் எழுத்தர்,
யார் பேச்சையும் ஒரு வரியாக்கத் தெரியும்.

டோரீன் குஷ்மன், ரொட்டிக்கடை:
"இடப்பக்கம் திரும்ப வழியே இல்லையே இதில்.
ரவுண்டானா வரை போய்ச் சுற்றித் திரும்பி
ஒரு பன்னுக்காக எவன் வருவான்?"
வரைபடத்தில் அவள் கடை ஒரு சாம்பல் நிறக் கட்டம்.
அதன்மேல் வைத்த விரலை
மணி அடித்த பிறகும் எடுக்கவில்லை.
எழுதினேன்: வணிக அணுகுவழி பற்றிக் கவலை.

ஹோடன் வர்சமே, பள்ளிப் பேருந்து:
"பழைய பாலத்தின் கம்பித் தளத்தில் பனி உறைந்தால்
முப்பத்தொரு பிள்ளைகளோடு வழுக்குகிறேன்.
பின் இருக்கைப் பையன்கள் கைதட்டுகிறார்கள்,
எனக்கு வயிறு கலங்குகிறது.
நாளைக்கே கட்டுங்கள்."
எழுதினேன்: ஆதரவு.

தீயணைப்புத் தலைவர் லெராய் திபோடோ எழுந்ததும்
கூடம் அடங்கியது.
பன்னிரண்டு டன்னுக்கு மேல் தாங்காது என்று
பாலத்தில் பலகை நட்ட மறு வருடம்
அக்கரையில் பிக்கெட் வீடு எரிந்தது.
வண்டி இருபத்திரண்டு மைல் சுற்றிப் போனது.
"போய்ச் சேர்ந்தபோது புகைபோக்கி மட்டும் நின்றது."
அவ்வளவுதான் சொன்னார். இரண்டரை நிமிடம் மிச்சம்.
அந்த மிச்சத்தைக் குறிப்பில் எங்கே வைப்பது?

பிறகு சிப்பி தோண்டுகிறவர்கள், படகுக்காரர்கள்,
கோடைக்கு மட்டும் வந்துபோகும் ஒரு வக்கீல் (தூண்கள் அழகாக இல்லையாம்),
இத்தனை உயரம் என்றால் நாங்கள் எங்கிருந்து ஆற்றில் குதிப்பது
என்று கேட்ட எட்டாம் வகுப்புக் காலெப்.
அவன் அம்மா சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

கடைசியாக எல்வுட் ஹாஸ்கெல்.
தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு
ஒரே கேள்வி:
"புதுப் பாலம் முனகுமா?"

சிரிப்பு.
கம்பித் தளத்தில் டயர் ஏறினால் எழும் அந்த முனகல்
ஊருக்கே பழகிய தலைவலி.
அகஸ்டாவிலிருந்து வந்த பொறியாளர் பக்கம் புரட்டினார்:
காங்கிரீட் தளம். பதினோரு டெசிபல் குறையும்.
ஒருவர் கைதட்ட எல்லோரும் தட்டினார்கள், நானும்.
எல்வுட் நன்றி சொல்லி உட்கார்ந்தார்.
எழுதினேன்: ஒலி குறித்து ஒரு கேள்வி. விடை தரப்பட்டது.

ஏப்ரல் கூட்டத்துக்குப் பதினான்கு பேர்.
"சென்ற குறிப்பில் திருத்தம் ஏதும் உண்டா?"
மூச்சு விடாமல் அடுத்ததற்குப் போகிற கேள்வி அது.
எல்வுட் கையைத் தூக்கினார்.

"நான் ஒலியைப் பற்றிக் கேட்கவில்லை.
பெர்னிஸுக்கு அக்கரை ஆஸ்பத்திரியில் இரவு வேலை.
விடிகாலை நாலேகாலுக்கு அவள் கார் பாலத்தில் ஏறும்.
பின் டயர் ஒன்று தேய்ந்தது, முனகல் கொஞ்சம் உடைந்து வரும்.
அது கேட்டால் எழுந்து கெட்டிலை வைப்பேன்.
கேட்காத இரவில்..."
தொப்பியைப் பார்த்தார்.
"பாலம் வேண்டாம் என்று சொல்லவில்லை.
லெராய் சொன்னது சரி. குறிப்பைத் திருத்தினால் போதும்."

'ஒலி' என்பதை அடித்தேன்.
அடித்த இடத்தின் மேல் பேனா நின்றது.
"பெர்னிஸ் என்று போடேன்" என்றாள் டோரீன்.
லெராய் வழிமொழிந்தார். எதிர்ப்பு யாருமில்லை.
அப்படியே கோப்பில் இருக்கிறது:
பெர்னிஸ் குறித்து ஒரு கேள்வி.
அடுத்த பொருள், பனி அகற்றும் வண்டிக்கு டீசல்.

அதன் பக்கத்தில் இருந்த இரண்டு சொல்லை,
விடை தரப்பட்டது,
அன்றிரவு வீட்டில் வைத்து நானே அடித்தேன்.
அதற்கு எனக்கு அதிகாரம் கிடையாது.