மாற்றுப் பாதை

வினிபெக், பிப்ரவரி. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே, பரிசோதனைக் கூடத்தில், ஓர் உத்தரத்தை
வினாடிக்கு மூன்று முறை அமுக்குகிறோம்.
அமுக்கி விடுகிறோம். அமுக்கி விடுகிறோம்.
அது உடைந்தால்தான் எனக்குப் பட்டம்.

பாலத்திலிருந்து அறுத்துக் கொண்டுவந்த இரும்பு.
பதினான்கு மீட்டர். மூன்று அடுக்குப் பச்சைப் பெயின்ட்.
கடைசி அடுக்கில் எவனோ
'டாரில் பிளஸ்' என்று கீறி
அடுத்த பெயரைக் கீறாமல் போயிருக்கிறான்.

அசினிபோயின் ஆற்றின் மேல் இரட்டையாகக் கட்டிய பாலம்.
கிழக்கே போகும் பாதியைப் போன கோடையில் இடித்தார்கள்.
மேற்கே போகும் பாதி இன்னும் நிற்கிறது:
அதே ஆலை, அதே ஆண்டு, அதே வெல்டிங்.
அதன் மேல் தினம் ஆறு தடவை
பஸ் ஓட்டிப் போகிறார் கிரிசான்டோ கட்டகுட்டான்.
என் அப்பா.
ஆய்வேட்டில் இந்த வரிக்கு இடமில்லை.

பக்கத்து அறையில் ஒரு துண்டுத் தார்ச்சாலை மேல்
தனிச் சக்கரம் ஒன்று போய்ப் போய் வருகிறது,
எந்த ஊருக்கும் இல்லாமல்.
அதற்கடுத்த அறையில் பஸ் பேட்டரிகளைப் பனியில் போட்டு
எவ்வளவு நேரம் தாங்குவாய் என்று கேட்கிறார்கள்.
கட்டடம் முழுக்க இந்த ஒரே கேள்விதான்.
கேட்கும் மரியாதை மட்டும் அறைக்கு அறை வேறு.

பத்து லட்சம் தாண்டியது. ஒன்றுமில்லை.
இருபது லட்சத்தில் பேராசிரியர் தோர்வால்ட்சன்
எல்லோருக்கும் டோனட் வாங்கி வந்தார்.
முப்பதில் மின்சாரம் போனது. அந்த ஒரு மணி நேரம்
உத்தரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றேன்.
சும்மா குளிர்ந்திருந்தது.
களைப்பு என்று பெயர் வைத்தது நாங்கள்தான்.

உடை, என்று வேண்டியிருக்கிறேன். வாய்விட்டே.
டெக்னீஷியன் டாராஸ் கேட்டும் கேட்காத மாதிரி
நட்டு முறுக்கிக்கொண்டிருந்தான்.

நாற்பத்தொரு லட்சத்துப் பதினெட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து இரண்டு.
அதிகாலை மூன்று நாற்பது.
திரையில் ஒரு கோடு தன் இடத்தைவிட்டுச் சற்றே நழுவியது.
இயந்திரத்தை நிறுத்தினோம். சிவப்புச் சாயம் பூசி, துடைத்து,
வெள்ளைப் பொடி தெளித்துவிட்டுக் காத்திருந்தோம்.
வெள்ளைக்குள்ளிருந்து தானாக ஊறி வந்தது
ஒரு சிவப்பு நூல்.
வெல்டிங் ஓரத்தில். பதினொரு மில்லிமீட்டர்.

டாராஸ் கை குலுக்கினான். படம் எடுத்தான்.
நான் சிரித்திருக்கிறேன். படத்தில் இருக்கிறது.

பிறகு கேன்டீன் ரசீதின் பின்பக்கம் ஒரு கணக்கு.
நாளுக்கு இத்தனை கனரக லாரி, ஆண்டுக்கு இத்தனை,
பாலம் திறந்த ஆண்டு அது, இந்த ஆண்டு இது.
கழித்தல். மூன்றாம் வகுப்புக் கழித்தல்.
விடை மைனஸில் வந்தது.
மறுபடி போட்டேன். குறி மாறவில்லை.

அப்பாவைக் கூப்பிடவில்லை.
சொன்னால் அவர் ஒருவர்தான் நிற்பார்,
பின்னால் வரும் பஸ் நிற்காது.
நெடுஞ்சாலைத் துறையின் இரவு எண்ணை அழைத்தேன்.
காத்திருங்கள் என்றது. பியானோ வாசித்தது.
வெகுநேரப் பியானோவுக்குப் பின்
லோர்ன் வீப் என்றொரு தூக்கக் குரல்:
"பதினொரு மில்லிமீட்டர். அது உங்கள் கூடத்தில்தானே?"
கூடத்தில்தான், என்றேன்.
மற்றதை இன்னும் யாரும் பூசிப் பார்க்கவில்லை, என்றேன்.
மறுமுனையில் மூச்சு மட்டும்.
பிறகு ஒரு பேனா மூடி கழலும் சத்தம்.

ஐந்து பன்னிரண்டு. அப்பாவின் முதல் நடை.
அந்த நிமிடம் முழுக்க
மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்,
ஏதோ நான் பிடித்தால் அது நிற்கும் என்பதுபோல.

ஆறே காலுக்கு அவரிடமிருந்து செய்தி:
பாலத்தை மூடிவிட்டார்கள். சுற்றிப் போகிறேன்.
பதினேழு நிமிடம் லேட். பஸ் முழுக்க என்னைத் திட்டுகிறது.
எவன் பார்த்த வேலையோ.

தெரியாதுப்பா, என்று பதில் தட்டினேன்.
உத்தரத்தின் மேல் அந்தச் சிவப்பு
இன்னும் ஊறிக்கொண்டிருந்தது.