கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்

மெஜஸ்டிக்கில் பஸ் என்னை இறக்கிவிட்டபோது
மணி நாலு இருபது.
போனில் பதினொரு சதவிகிதம்.
தொப்பூர் தாண்டியதிலிருந்தே
அடிவயிறு முட்டிக்கொண்டிருந்தது.

பணத்தை மூன்றாகப் பிரித்து வைத்திருந்தேன்.
சாக்ஸுக்குள் ஆயிரத்து ஐந்நூறு,
டிபன் பாக்ஸின் அடித்தட்டில் இரண்டாயிரம்,
மீதி எங்கே என்று உங்களுக்கும் சொல்லமாட்டேன்.
கம்மலைக் கழற்றி
தலைவலித் தைல டப்பாவில் போட்டாயிற்று.
பக்கத்து இருக்கை அம்மா நீட்டிய பிஸ்கட்டை
விரதம் என்று மறுத்தாயிற்று.
பிறகு இருட்டில்
என் முறுக்கை நானே
சத்தம் வராமல் ஊறவைத்துத் தின்றேன்.

எல்லாம் யோசித்தவள்
இதை யோசிக்கவில்லை:
கட்டணக் கழிப்பறைக் கதவு
ஓர் உடம்புக்குத்தான் திறக்கும்.
பத்தாம் வகுப்பு முதல் லேப் டெக்னீஷியன் டிப்ளமோ வரை
அத்தனை அசல் சான்றிதழும் இருக்கிற சூட்கேஸுக்கு
அங்கே இடமில்லை.
பத்து மணிக்கு ஜெயநகரில் இன்டர்வியூ.

யாரிடம் விடுவது?
பேப்பர் படிக்கிற பெரியவர்,
ஆனால் அது நேற்றைய பேப்பர்.
கண்மூடி உட்கார்ந்திருக்கும் காவி வேட்டி,
அவர் கால் கட்டைவிரல் தூங்கவில்லை.
போலீஸ்காரர் நாற்காலியில்
ஒரு துண்டு மட்டும் டியூட்டி பார்த்தது.
கைக்குழந்தையோடு ஒரு தம்பதி,
நல்லவர்கள் மாதிரி இருந்தார்கள்.
நல்லவர்கள் மாதிரி இருப்பவர்களைப் பற்றித்தான்
எங்கள் அண்ணன் ஒன்றரை மணி நேரம் பேசினான்.

தூண் ஓரம் ஒருத்தி.
இரண்டு ராகி மூட்டை,
கயிறு கட்டிய குக்கர் பெட்டி,
கவிழ்த்துப் போட்ட சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி.
இத்தனையும் தூக்கிக்கொண்டு
என் பெட்டியோடும் எப்படி ஓடுவாள்?
நம்பிக்கை என்று சொல்லமாட்டேன்.
எடைக்கணக்கு.

"கொஞ்சம் பாத்துக்கறீங்களா?"
"ஹோகம்மா, போ. நான் எங்க போகப்போறேன்."
திருடியும் இதைத்தானே சொல்வாள் என்று
உள்ளே தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் தோன்றியது.
வெளியே சக்கரங்கள் உருண்டன.
மெஜஸ்டிக்கில் உருண்ட சக்கரம் அத்தனையும்
என் பெட்டியின் சக்கரம்.

மீதிச் சில்லறை வாங்காமல் ஓடிவந்தேன்.
இருந்தது.
அதன் கைப்பிடியைத்
தன் குக்கர் கயிற்றோடு சேர்த்துக் கட்டியிருந்தாள்.
யாராவது இழுத்தால்
நாற்காலியும் மூட்டையும் சேர்ந்து கத்தும்.
நான் திரும்பி உட்கார்ந்து
ஜிப்பை ஒரு சாண் திறந்து
ஃபைலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.
அவள் பஸ் நேரப் பலகையைப் பார்த்தாள்,
அதில் ஒன்றும் எழுதியிராதபோதும்.

"ஈக நானு" என்று எழுந்து போனாள்.

ஐந்து நிமிடம். பத்து. இருபது.
உரிமை கோரப்படாத பொருள்களைத் தொடாதீர்கள் என்றது ஒலிபெருக்கி,
மூன்று மொழிகளில்.
குக்கர் பெட்டியைப் பார்த்தேன்.
குக்கர்தானா?
என் பெட்டியை மட்டும் அவிழ்த்துக்கொண்டு
நகர்ந்துவிடப் பார்த்தேன்.
முடிச்சு அசையவில்லை.
நகத்தால், பல்லால்கூட.

முகம் கழுவிய ஈரத்தோடு வந்தாள்.
"க்யூ" என்றாள்.
நாற்காலி, மூட்டை, மூட்டை, பெட்டி,
உதடு அசைய எண்ணினாள்.
போதாதென்று ஒரு மூட்டையின் வாயைத் திறந்து
முழங்கைவரை கையை விட்டுத் துழாவினாள்,
என் கண்ணெதிரே.
எனக்குச் சுருக்கென்றது.

"கோபமா?" என்றாள்.
"நீயும் பாத்தேல்ல."

ஆனேக்கல் பஸ் வந்தது.
ஒரே இழுப்பில் முடிச்சு அவிழ்ந்தது.
நாற்காலியை நான்தான் ஏற்றிவிட்டேன்.
பேர் கேட்டுக்கொள்ளவில்லை, இருவருமே.

ஆட்டோக்காரர் ஜெயநகரா என்றார்.
விடியட்டும் என்றேன்.

அப்போது பெரிய பையோடு ஒரு பையன்,
ஒரு காலில் மாறி ஒரு காலில் நின்று
எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் படித்துவந்தான்.
எனக்குப் புரிந்தது.
நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
முகத்தைக் கொஞ்சம் நல்லதாக வைத்துக்கொண்டேன்.

பார்வை என்மேல் ஒரு கணம் நின்றது.
பிறகு தாண்டிப் போய்
அந்த நேற்றைய பேப்பர்காரரிடம்
பையை வைத்துவிட்டு ஓடினான்.