ரிட்டன் லோடு

பாலக்கோடு தாண்டி, தக்காளி மண்டிக்கு எதிரில்
அறுபது டன் எடைமேடை.
ராத்திரி ஷிப்டு எனக்கு.
கையெழுத்து நோட்டில் வேடியம்மாள்,
வருகிறவர்களுக்கு மேடம்.

இங்கே யாரும் எடை என்று சொல்வதில்லை.
லோடு.
மதுரை லோடு, நாசிக் லோடு, அரை லோடு,
லோடு அடிக்கிறவன், லோடு ஏத்துகிறவன்,
லோடு கிடைக்காமல்
வண்டிக்கடியில் பாய் விரித்துக் கிடக்கிறவன்.
செங்கல்லும் லோடுதான், கோழி எருவும் லோடுதான்.
மின்வாரியத்து ஆள் வந்தால்
ஃபேனையும் பல்பையும் எண்ணிவிட்டு
லோடு கூடிப்போச்சு என்கிறார்.
ஓசூரிலிருந்து மகன் அனுப்பிய வீடியோ
சின்ன வட்டமாய்ச் சுற்றிக்கொண்டே இருக்கிறது,
அதுவும் லோடு ஆகிறதாம்.
ஏறுவது, இழுப்பது, வந்தே சேராதது
எல்லாவற்றுக்கும் ஒரே சாக்கு.

புரட்டாசியில் ஒரு செவ்வாய், மணி ஒன்றே முக்கால்.
தீர்த்தகிரி வண்டியை மேடையேற்றிவிட்டு
ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார்.
"பின் டயரு அரையடி வெளிய நிக்கும் மேடம்.
நீங்க பாக்காதீங்க."
மகளுக்கு காலேஜ் பீஸ் என்றார். மண்டிக்காரன் என்றார்.
நான் எதையும் கேட்கவில்லை.

பார்க்காமல் இருக்க
வேறு எதையாவது பார்த்தாக வேண்டும்.
பிரிண்டர் ஆடாமல் முட்டுக் கொடுத்திருந்த
அட்டை போன இங்கிலீஷ் அகராதியை உருவினேன்.
எண்ணெய்க் கறைக்குப் பக்கத்தில்
நாளெல்லாம் என் வாயில் புரளும் அதே சொல்.
பாரம், சுமை, துப்பாக்கியில் இடும் மருந்து.
தெரிந்ததுதான்.
கடைசியில், பொடி எழுத்தில், பிறந்த கதை:
ஆயிரம் வருஷத்துக்கு முன்னால்
அதற்கு வழி என்று பொருளாம்.
போகிற போக்கு. பயணம்.

கூடப் பிறந்த சொல் ஒன்று
கப்பலுக்குத் திசை காட்டும் விண்மீனோடு போய்விட்டது,
ஒன்று காந்தக்கல்லில் ஒட்டிக்கொண்டது.
இது மட்டும்
தூக்கிப் போனவர்களின் முதுகிலேயே கிடந்து
போகும் பாதையை மறந்து
பாரத்தின் பெயராகிவிட்டது.

பிரிண்டர் கதறியது.
பதினெட்டாயிரத்து முந்நூற்று அறுபது.
கண்ணால் பார்த்தாலே இன்னும் ஒன்றரை டன் தெரியும்.
சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.
அகராதியைத் திரும்பச் செருகினேன்.

தமிழ் வகுப்பில் தூங்கியவள்தான்.
ஆனாலும் ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது: பொறை.
பாரமும் பொறை. பொறுத்துப் போவதும் பொறை.
குன்றும் பொறை.
மூன்றும் ஒரே இடத்தில் வந்து நிற்பது
தொப்பூர்க் கணவாயில்,
இரண்டாம் கியரில்,
பிரேக் கருகும் நாற்றத்தில்.

வண்டி போனதும் திரையில் பூஜ்யம்.
சீட்டில் ஏறாத அந்த ஒன்றரை டன்
மேடையிலேயே நின்றது.
மூன்று மணிக்குக் குளிர்ந்த டீயைக் கொட்டினேன்.
மூன்றரைக்கு போனை எடுத்து, நம்பரைப் பார்த்து, வைத்தேன்.
சக்கரத்தை அரையடி தள்ளி எடையைக் குறைக்கலாம்.
அந்த இறக்கத்தில் அரையடிகூடக் குறையாது.

விடிந்து ஆறே காலுக்கு அவரே கூப்பிட்டார்.
"திண்டுக்கல் தாண்டிட்டேன் மேடம். சும்மாதான் கூப்பிட்டேன்."
சும்மா என்பதற்கு
அந்த அகராதியில் இடமிருக்காது.

வியாழக்கிழமை ராத்திரி காலி வண்டியோடு வந்தார்.
ரிட்டன் லோடு கிடைக்கவில்லையாம்.
காலி எடை போட வேண்டும், அவ்வளவுதான்,
ஓரமாகவே நிறுத்தினார்.

"நடுவுக்கு வாங்க. ஆறு டயரும் மேடையில இருக்கணும்."

"காலி வண்டிதானே மேடம்?"

"இருக்கட்டும். வாங்க."