மின்தூக்கியில் நுழையுமா

உபி தொழிற்பேட்டை, நான்காம் மாடி.
என் பட்டறையின் இரும்புக்கதவு பாதிவரைதான் ஏறும்.
வருகிறவர்கள் குனிந்துதான் வரவேண்டும்,
எதையாவது உருட்டிக்கொண்டு.

கிளமென்ட் டே ஒற்றைச் சக்கரத்தோடு வந்தான்.
இதுதான் எதிர்காலம் என்றான்.
அதன்மேல் நிற்கக் கற்றுக்கொள்ள அவனுக்கு ஆன செலவு
பதினோரு நாளும்
ஒரு மணிக்கட்டும்.
கற்றபின் அழகாகத்தான் போனான்,
கால்வாயோரம் தாழப் பறக்கும் கொக்கு மாதிரி.
ஈரச்சந்தை வாசலில் இறங்கினான்.
வண்டி சாய்ந்தது.
தூணில் சாத்தினான்.
மறுபடி சாய்ந்தது.
நிற்கத் தெரியாத ஒன்றை
யாரிடம் விட்டுவிட்டு மீன் வாங்குவது?
ஒரு கையில் எதிர்காலம்,
மறு கையில் ஒழுகும் பை.
மூன்றாம் வாரம் என்னிடம் கொண்டுவந்து
பழுது என்றான்.
திறந்து பார்த்தேன்.
ஒரு பழுதும் இல்லை.

பிறகு ஒருநாள் விடிந்ததும்
ஊரெங்கும் வாடகைச் சைக்கிள்கள்.
எல்லாருக்கும் சொந்தம் என்றார்கள்.
கால்வாய்க்குள் தலைகீழாய்க் கிடந்தபோது
ஒருவருக்கும் சொந்தமில்லை.
இருக்கை கழன்ற ஒன்றை
எங்கள் புளோக் அடித்தளத்தில் யாரோ விட்டுப்போக,
அதன் கூடையில் நெடுநாள்
காலி மைலோ பொட்டலம் ஒன்று சவாரி செய்தது.

மின்ஸ்கூட்டரின் கதை வேறு.
அதைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன்.
காருக்கு முன் காகிதம் வாங்கவேண்டிய ஊரில்
காகிதம் கேட்காமல் வந்தது அது.
மடித்தால் கட்டிலடி, விரித்தால் வேலை.
ரோஸ்லான் அதில்தான்
மூன்று பிள்ளைகளின் பள்ளிச் சீருடையை ஓட்டி முடித்தான்,
முதுகில் சூடான பிரியாணியோடு.
அக்கா, இன்னும் கொஞ்சம் வேகம், என்பான்.
முப்பத்தைந்து வெள்ளி.
திருகாணி இரண்டு, கம்பி ஒன்று.
வேகப்பூட்டை அவிழ்த்துத் தந்தவர்களில்
நானும் ஒருத்தி.

தோற்கவில்லை அது.
அளவுக்கு மீறி ஜெயித்தது.
அதன் வெற்றிக்கு
நடைபாதையின் அகலம் போதவில்லை.
எவர் வீட்டிலோ நள்ளிரவில்
மின்னூட்டத்தில் இருந்த பேட்டரி வெடித்ததாக
செய்தியில் கரிந்த சுவர் ஒன்றைக் காட்டினார்கள்.
நான் எழுந்து போய்
பட்டறையின் எல்லாச் செருகிகளையும் பிடுங்கினேன்.
பிறகு தடை வந்தது.
வரிசையில் நின்று ஒப்படைத்தார்கள்.
ரோஸ்லான் மட்டும்
கைப்பிடியைக் கழற்றி வைத்துக்கொண்டான்.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.

எதிர்வீட்டு மேடம் கோ
இப்போதும் சைக்கிள் மணி கேட்டால்
சுவரோடு ஒட்டிக்கொள்கிறார்.
அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை,
முப்பத்தைந்து வெள்ளியைப் பற்றி.

இத்தனைக்கும் நடுவே
ஒரு வண்டியை நான் கவனிக்கவே இல்லை.
சிவப்புக் கட்டம் போட்ட துணிப்பை,
கீழே இரண்டு சக்கரம், மேலே வளைந்த கம்பி.
எதிர்காலம் என்று அதை யாரும் அழைத்ததில்லை.
ஏறிப் பழக வேண்டாம்.
விட்ட இடத்தில் நிற்கும்.
அரிசியையும் தர்பூசணியையும் சுமந்து
படியில் டொக் டொக்கென்று இறங்கும்.
இத்தனை வருடத்தில்
ஒரு சக்கரம் மாற்றத்தான் மேடம் கோ வந்தார்.
காசு வாங்கவில்லை.
ஏன் என்று கேட்டார்.
பரவாயில்லை என்றேன்.

போன வாரம் கிளமென்ட் மறுபடி குனிந்து வந்தான்,
இந்தமுறை வரைபடத்தோடு.
பெட்டிபோல் மடியும் நாற்காலி.
நடக்கும், ஏறும், பேசக்கூடச் செய்யுமாம்.
பேட்டரி எங்கே, பிரேக் எங்கே
என்றெல்லாம் நான் கேட்பேன் என்று காத்திருந்தான்.
அளவுநாடாவை எடுத்துக்கொண்டு
அவனை எங்கள் புளோக்குக்கு அழைத்துப்போனேன்.

மின்தூக்கி திறந்தது.
உள்ளே ஒரு குழந்தைவண்டி,
துணி காயவைக்கும் மூங்கில் கழி,
பீட்சாப் பெட்டிகளோடு ஓர் இளைஞன்,
சிவப்புப் பையோடு மேடம் கோ.
மிச்சம் இருக்கிற இடத்தை அள, என்றேன்.

அவன் நாடாவை விரித்தான்.
ஒரு முழம்கூடத் தேறாது.
கதவு மூடப்போக
மேடம் கோ பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு
தன் பையைக் காலோடு
கொஞ்சம் இழுத்துக்கொண்டார்.

கிளமென்ட்,
இப்போது அள.