இருநூற்று முப்பத்தொன்பது

பதிவேட்டில் கையெழுத்திட்டு
ஈயப் பெட்டியிலிருந்து எடுத்தேன்,
சட்டைப் பொத்தான் அளவு அமெரிசியம்.
மேலே போகப்போகும் தொலைநோக்கிக்கு
இதுதான் அரிச்சுவடி.
ஐம்பத்தொன்பதரை, ஐம்பத்தொன்பதரை என்று
ஒரே எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கும்.
நாளைக்குக் கருந்துளையே வாய்திறந்தாலும்
இதோடு ஒத்துப்பார்த்துத்தான் நம்பவேண்டும்.

நாகர்கோவிலில் மழை. கல்லூரி ஆய்வகத்தில் இரவு இரண்டு மணி.
உணர்கருவியின் இருநூற்றைம்பத்தாறு கட்டங்களும்
ஐம்பத்தொன்பதரையில் ஒழுங்காக முளைத்தன.
அப்புறம், யாரும் கூப்பிடாமல்,
இருநூற்று முப்பத்தொன்பதில் ஒரு சின்ன மேடு.

நான் வைக்காத மூலம்.

கேபிளை மாற்றினேன். எர்த் கம்பியை உரசிப் பார்த்தேன்.
ஈரக்காற்றைத் திட்டினேன்.
பெங்களூருக்கு எழுதிய அறிக்கையில்
'இரைச்சல்' என்று போட்டு, அழித்தேன்.
இரைச்சலுக்கு இத்தனை கூர்மூக்கு இராது.

நாலாம் நாள் ததேயுஸ் வந்தான்,
ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்ற.
மேசைக்கடியில் காலால் தட்டி,
"ஆடாம நிக்குதா மேடம்? நாந்தான் மூட்டை வச்சேன், ஆறு மூட்டை.
எங்க சின்னவிளை மண்ணு.
கனம் பாத்தியளா, வேற மண்ணு இப்பிடி கனக்காது."

கனக்காதுதான்.

அவிழ்த்தேன். கருப்பு, நடுநடுவே தேன்நிறப் பொடி.
தோரியம் படிப்படியாக இறங்கி ஈயமாகிற வழியில்
ஒரு படியில் நின்று
சொல்லிவிட்டுப் போகிற எண் அது.
ஆறு மூட்டையையும் இரண்டு பேருமாக
மதிலோரம் இழுத்துப்போட்டோம். மேடு படுத்துவிட்டது.

நானும் மணவாளக்குறிச்சிக்காரிதான்.
அம்மாவைத் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குப்
பத்தொன்பது தடவை கூட்டிப்போயிருக்கிறேன்.
மண்ணுதான் என்றார் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்.
சொல்ல முடியாது என்றார் டாக்டர்.
இரண்டு பேச்சுக்கும் பிழைப்பட்டை போட
என்னிடம் தரவு கிடையாது.
ஒரே ஒரு அம்மாவை வைத்து
வளைகோடு வரைய முடியாது.

ஒரு கைப்பிடியை மட்டும் குப்பியில் அடைத்துப்
பதிவேட்டைத் திறந்தேன்.
மூலம்: தோரியம், கலப்பு.
அரையாயுள்: ஆயிரத்து நானூறு கோடி ஆண்டு.
பிரபஞ்சத்துக்கே இன்னும் அவ்வளவு வயதாகவில்லை.
வழங்கியவர்: ததேயுஸ், சின்னவிளை.
திருப்பித் தரவேண்டிய நாள் என்ற கட்டத்தில்
பேனா நின்றது.

வாசலில் டீசல் கையைத் துடைத்துக்கொண்டே
அவன் கேட்டான்:
"அப்போ மேசைக்கு அடியில என்னத்த வைக்க?"